கோப்பு யார் கைக்குப் போகிறது? லினக்ஸ் கணினிக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்கும் முறை

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் விற்பனைக்கு வரும் ஆறாம், ஏழாம் தலைமுறை மடிக்கணினிகளுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் 8 ஜிபி ரேமும் ஓர் எஸ்எஸ்டியும் போட்டுவிட்டால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் அவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். மின்ட், உபுண்டு, டெபியன் என்று எந்த லினக்ஸ் வழங்கலானாலும் நிறுவி முடிக்க அரை மணி நேரம் போதும். சிக்கல் மறுநாள் காலையில்தான் தொடங்கும். ஆடிட்டருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும், அச்சகத்துக்கு அழைப்பிதழ் கொடுக்க வேண்டும், கல்லூரிக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சமர்ப்பிக்க வேண்டும். எதில் செய்வது?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஓர் அட்டவணை. வேர்டுக்கு லிப்ரே ஆஃபிஸ், ஃபோட்டோஷாப்புக்கு கிம்ப், கோரல் டிராவுக்கு இங்க்ஸ்கேப். அட்டவணையில் பிழை இல்லை. ஆனால் அது மென்பொருளுக்கு மென்பொருள் ஜோடி சேர்க்கிறது, வேலையைக் கணக்கில் எடுக்கவில்லை. நீங்கள் செய்யும் கோப்பை அடுத்துத் திறக்கப்போவது யார், எதில் திறப்பார், திறந்து என்ன செய்வார் என்று முதலில் கேளுங்கள். வெறுமனே படிப்பார் என்றால் பிடிஎஃப் போதும். உங்கள் பக்கம் எந்த மென்பொருளும் சரி. திருத்தித் திருப்பி அனுப்புவார் என்றால் அவர் வைத்திருக்கும் மென்பொருளையும் எழுத்துருவையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அவருடைய மென்பொருளின் சொந்தக் கோப்புதான் வேண்டும் என்றால் லினக்ஸில் மாற்றுத் தேடி நாளை வீணாக்க வேண்டாம், விண்டோஸை ஒரு மெய்நிகர் கணினிக்குள், அதாவது லினக்ஸுக்குள் தனிக் கணினிபோல் ஓடும் மென்பொருளுக்குள், வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்டு கோப்பு ஏன் கலைகிறது

அலுவலக வேலைக்கு லிப்ரே ஆஃபிஸ்தான். 2010இல் இது பிரிந்து வந்த ஓப்பன் ஆஃபிஸின் பெயர் இன்னும் பலர் நினைவில் இருக்கிறது. அதன் 4.1 வரிசை வெளிவந்தது 2014இல், பிறகு சிறு திருத்தங்கள் மட்டுமே. புதிதாக யாரும் அதை நிறுவ வேண்டாம்.

வேர்டில் செய்த கோப்பு லிப்ரே ஆஃபிஸில் கலைந்து வருகிறது என்ற புகாரில் பெரும்பகுதி எழுத்துருவால் வருவது. கலிப்ரியும் கேம்பிரியாவும் லினக்ஸில் இல்லை. வேறு எழுத்துரு அந்த இடத்துக்கு வந்தால் ஒவ்வொரு எழுத்தின் அகலமும் மாறும், வரி முறியும் இடம் மாறும், கடைசியில் பக்கமே தள்ளிப்போகும். கார்லிட்டோ, கலடியா என்ற இரண்டு இலவச எழுத்துருக்கள் கலிப்ரிக்கும் கேம்பிரியாவுக்கும் அச்சாக அதே அகலத்தில் செய்யப்பட்டவை. ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் எழுத்துருக்கள் அதே பணியைச் செய்கின்றன. இவற்றை நிறுவிய மாத்திரத்தில் ஆங்கிலக் கோப்புகள் பெருமளவு சரியாகிவிடும்.

தமிழுக்கு இந்த வசதி இல்லை. விண்டோஸின் லதா, விஜயா, நிர்மலா யுஐ ஆகியவற்றுக்கு அகலம் பொருந்தும் இலவச ஜோடி கிடையாது. லோகித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ அந்த இடத்தில் வந்து உட்காரும். எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் மாறி, 40 பக்க ஆவணம் 43 பக்கமாகும், பொருளடக்கத்தின் பக்க எண்கள் பிசகும். தீர்வு எளிது. இரு தரப்பும் ஒரே இலவச எழுத்துருவுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் மூன்றையும் விண்டோஸிலும் நிறுவலாம். எதிர்த்தரப்பிடம் கேட்க முடியாத நிலை என்றால், லிப்ரே ஆஃபிஸில் கோப்பு மெனுவின் பண்புகள் பெட்டியில் எழுத்துரு என்ற தாவலில் எழுத்துருவைக் கோப்போடு பொதிந்து அனுப்பும் வசதி இருக்கிறது. கோப்பு கொஞ்சம் பெருக்கும், அவ்வளவுதான்.

தமிழில் எழுதுவோர் தடுமாறும் இன்னோர் இடம் உண்டு. லிப்ரே ஆஃபிஸ் தமிழைக் கூட்டெழுத்து (சிடிஎல்) மொழி வகையில் வைத்து, ஆங்கிலத்துக்குத் தனி எழுத்துரு, தனி அளவு, தமிழுக்குத் தனி எழுத்துரு, தனி அளவு என்று பிரித்து நினைவில் வைக்கிறது. பாணியில் (ஸ்டைல்) அளவை 12 என்று மாற்றிய பிறகும் தமிழ் மட்டும் பழைய அளவிலேயே நின்றால், மாற்றியது மேற்கத்திய எழுத்துக்கான கட்டத்தில் என்று பொருள். கருவிகள், விருப்பங்கள், மொழிகள் என்று போய் கூட்டெழுத்து வசதியை இயக்கி, அதில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் பத்திப் பாணிகளைத் திருத்தும்போது இரண்டு கட்டங்களிலும் அளவையும் தடிப்பையும் கொடுங்கள். தலைப்பில் ஆங்கிலச் சொல் தடித்தும் தமிழ்ச் சொல் மெலிந்தும் நிற்பதற்கும் இதுவே காரணம்.

இன்னும் இரண்டு அமைப்புகளை முதல் நாளே மாற்றிவிடுவது நல்லது. கரண்ட் போனால் மீட்பதற்கான தானியங்கிச் சேமிப்பு 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைக்கப்பட்டிருக்கும். பேட்டரி போன பழைய மடிக்கணினியை நேரடியாகப் பிளக்கில் போட்டு ஓட்டுகிறவர்கள் அதை 2 நிமிடமாக்க வேண்டும். அடுத்து, பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியில் மூலக் கோப்பையும் உள்ளே பொதியும் ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கிச் செய்த பிடிஎஃப் மற்றவர்களுக்குச் சாதாரண பிடிஎஃப். உங்கள் லிப்ரே ஆஃபிஸிலோ திருத்தக்கூடிய ஆவணமாகவே திறக்கும்.

லிப்ரே ஆஃபிஸின் கால்க் விரிதாளில் சாதாரணக் கணக்கும் பைவட் அட்டவணையும் தடையின்றி நடக்கும். எக்ஸெல் மேக்ரோக்களை (உள்ளே எழுதிய தானியங்கி நிரல்களை) நம்பிச் செய்த கோப்பு நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வருமான வரிக் கணக்குக்கான எக்ஸெல் படிவங்கள் அந்த வகை. அதோடு மல்லுக்கட்டாமல், உங்கள் படிவத்துக்கு வருமான வரித் தளத்திலேயே நேரடியாக நிரப்பும் வசதி இருந்தால் உலாவியில் முடித்துவிடுங்கள்.

தமிழ் தட்டச்சுச் சோதனை

எந்தச் செயலியையும் ஏற்பதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை போதும். கொக்கு, கௌரி, ஸ்ரீ, பக்ஷி என்று தட்டச்சு செய்யுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றாலோ, புள்ளிவட்டம் ஒன்று தோன்றினாலோ அந்தச் செயலிக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் அந்தச் செயலியைத் தமிழ் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். கோர்வை சரியாக இருந்தால் அதே சொற்களை ஆவணத்தில் தேடிப் பாருங்கள், பிடிஎஃப் ஆக்கி அதிலிருந்து நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள்.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி நிலைபெற்ற தமிழ் 99 விசைப்பலகை லினக்ஸில் இரண்டு வழியாகக் கிடைக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. அமைப்பின் விசைப்பலகைப் பட்டியலில் நேரடியாக இருப்பது, ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் அறியும். முந்தைய எழுத்தைப் பார்த்து முடிவெடுக்க அதற்கு வழியில்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறைக்கான எம்17என் தொகுப்பின் வழியே வரும் தமிழ் 99தான், ககர விசையை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைக்கும். தமிழ் 99இன் வேகமே அந்த விதியில்தான் இருக்கிறது என்பதால் இரண்டாவதையே நிறுவுங்கள். தட்டச்சு நிலையத்தில் பழகியவர்களுக்கான பழைய தட்டச்சு விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் அதே தொகுப்பில் இருக்கின்றன. கேடிஇ பிளாஸ்மா என்ற திரைச்சூழலின் வேலண்ட் அமர்வில் எஃப்சிடிஎக்ஸ் 5 என்ற இன்னோர் உள்ளீட்டு முறையைப் பயன்படுத்துவோர், அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகை என்ற பகுதியில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் பொருத்தமில்லாததாகத் தோன்றும், ஆனால் அங்கேதான் இருக்கிறது.

ஒரே செயலி, நான்கு வழி

ஒரே செயலி வழங்கலின் சொந்தக் களஞ்சியத்தில் (அந்த வழங்கலே பராமரிக்கும் மென்பொருள் கிடங்கில்), எந்த வழங்கலிலும் ஓடும்படி கட்டிய பிளாட்பேக்காக, ஸ்னாப்பாக, ஆப்இமேஜாக என்று நான்கு விதமாகக் கிடைக்கும். எந்த வழியில் நிறுவினீர்கள் என்பதைப் பொறுத்துத் தமிழ் தட்டச்சும் பென் டிரைவும் வேலை செய்யும் அல்லது செய்யாது. செயலியைக் குறை சொல்வதற்கு முன் வழியை மாற்றிப் பார்க்க வேண்டும்.

களஞ்சியத்திலிருந்து வருவது அமைப்போடு ஒட்டிப் பழகியது. ஐபஸ் ஒத்துழைக்கும், எழுத்துரு தெரியும், பிரிண்டர் தெரியும், பாதுகாப்புத் திருத்தம் மற்றவற்றோடு சேர்ந்து வரும். குறை அதன் வயது. கிம்ப் 3.0 வந்தது 2025 மார்ச்சில், உபுண்டு 24.04 களஞ்சியத்தில் இருப்பது 2.10. பிளாட்பேக்கில் புதிய பதிப்பு கிடைக்கும், ஆனால் முதல் செயலியை நிறுவும்போது அது சார்ந்திருக்கும் அடித்தளத் தொகுப்பும் இறங்கும். 200 எம்பி செயலிக்கு 1 ஜிபி அளவுக்குப் போவது இதனால்தான். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் நிறுவுகிறவர்கள் கவனிக்க வேண்டும். அடுத்த செயலி அதே அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டால் அவ்வளவு ஆகாது. என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் டிரைவர் மாறும்போதெல்லாம் அதற்கேற்ற தொகுப்பு ஒன்று சேரும். பயன்படாதவற்றை நீக்கும் கட்டளையை மாதம் ஒருமுறை ஓட்டினால் வட்டில் இடம் மிஞ்சும்.

பிளாட்பேக்கும் ஸ்னாப்பும் செயலியை வேலிக்குள் வைப்பவை. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் பல ஸ்னாப் செயலிகளுக்குப் பென் டிரைவைப் பார்க்கும் அனுமதியை நாம்தான் தனியாகக் கொடுக்க வேண்டும். கோப்பைத் திறக்கும் பெட்டியில் வட்டு தெரியாவிட்டால், அது பழுது என்று நினைத்துவிடக் கூடாது. பிளாட்பேக்கில் இந்த அனுமதிகளைப் பார்த்து மாற்ற ஃபிளாட்சீல் என்ற சிறு செயலி உதவும். ஆப்இமேஜ் ஒற்றைக் கோப்பு. இயக்கும் அனுமதி கொடுத்துச் சொடுக்கினால் போதும். உபுண்டு 22.04 முதல் ஃபியூஸ் 2 நூலகம் இயல்பாக வராததால் பழைய ஆப்இமேஜ்கள் சத்தமில்லாமல் திறக்க மறுக்கும். அந்த நூலகத்தை நிறுவினால் சரி. தமிழ் தட்டச்சு வராமல் போவது ஆப்இமேஜில்தான் அதிகம். அது தன் நூலகங்களைத் தானே சுமந்து வருகிறது, நம் உள்ளீட்டு முறையின் இணைப்பு அந்த மூட்டையில் இருக்காது.

ஆகவே அலுவலகத் தொகுப்பு, பிடிஎஃப் வாசிப்பான், தமிழ் தட்டச்சு அதிகம் தேவைப்படும் எதையும் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள். படம், வீடியோ போன்று புதிய பதிப்பில் பலன் கூடும் செயலிகளுக்குப் பிளாட்பேக் சரி. ஆப்இமேஜைச் சோதித்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்புக்கு லினக்ஸில் அதிகாரபூர்வச் செயலி கிடையாது, அந்தப் பெயரில் கிடைப்பவை பிறர் செய்த உறைகள்; உலாவியிலேயே பயன்படுத்துங்கள்.

அச்சகத்துக்குப் போகும் கோப்பு

திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கத்து டிடிபி கடைகளிலும் அச்சகங்களிலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் காலத்து எழுத்துரு வழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. அங்கிருந்து வரும் பழைய கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை. டாம், வானவில், பாமினி போன்ற பழைய குறியாக்கங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. எந்தக் குறியாக்கம் என்று கடையில் கேட்டுக்கொண்டு இன்றைய பொதுத் தரமான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்ற வேண்டும். ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகம் இந்த மாற்றத்தைச் செய்யும். மாற்றிய பின் ஒற்றெழுத்துகளையும் கொம்புகளையும் கண்ணால் ஒருமுறை பார்ப்பது கட்டாயம்.

நீங்கள் கொடுப்பது எப்போதும் பிடிஎஃப் ஆக இருக்கட்டும். புத்தகம், துண்டறிக்கை, அழைப்பிதழுக்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். இதன் பழைய 1.4 வரிசையில் தமிழ் உடைந்து வரும். 2017இல் வந்த 1.5.3 முதல் கோர்வை சரியானது, 2024 ஜனவரியில் 1.6 நிலையான பதிப்பாக வந்தது. லிப்ரே ஆஃபிஸிலேயே பிடிஎஃப் எடுத்துக் கொடுத்தால் என்ன? கறுப்பு எழுத்துதான் பிரச்சினை. லிப்ரே ஆஃபிஸ் கறுப்பைத் திரையின் ஆர்ஜிபி வண்ணமாக எழுதுகிறது. அச்சகத்தில் நான்கு வண்ணமாக மாற்றும்போது அந்தக் கறுப்பு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கும் கலந்ததாகிவிடலாம். நான்கு தகடுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் 9 புள்ளி எழுத்தின் சுழியைச் சுற்றி வண்ண நிழல் விழும், மெய்யெழுத்தின் புள்ளி மங்கும். ஸ்கிரைபஸில் கறுப்பு மட்டும் 100 சதவீதம் என்று வைத்தால் ஒரே தகட்டில் அச்சாகும். பக்கத்தைச் சுற்றி, வெட்டி எறியப்படும் 3 மில்லிமீட்டர் வெட்டுவிளிம்பு (ப்ளீட்), படங்கள் அச்சாகும் அளவில் 300 டிபிஐ, ஏற்றுமதியில் பயன்பாடு அச்சுப்பொறிக்கு, எழுத்துருக்கள் அனைத்தும் பொதியப்பட்டவை. இவற்றில் படத்தின் டிபிஐ போன்ற சிலவற்றை ஸ்கிரைபஸே முன்சோதனை செய்து, குறை இருந்தால் பக்க எண்ணோடு சொல்லும். அந்த எச்சரிக்கையை மூடிவிட்டு ஏற்றுமதி செய்யாதீர்கள். குறுகிய பத்தியில் தமிழை இரு பக்கமும் சமன் செய்தால் நீண்ட சொற்களால் நடுவில் ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்குவது கண்ணுக்கு இதம்.

ஃபிளெக்ஸ் பேனர் போன்றவற்றுக்கு இங்க்ஸ்கேப் போதும். அனுப்பும் முன் எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிவிட்டால் கடைக்காரரிடம் எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. மாற்றிய பின் எழுத்துப்பிழை திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பைத் தனிப் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். 10 அடிக்கு 6 அடி பேனரை 72 டிபிஐயில் படமாக எடுத்தால் 8640க்கு 5184 பிக்சல். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு அது தாராளம். கடை கோரல் டிராவின் சிடிஆர் கோப்புதான் கேட்கிறது என்றால் இங்க்ஸ்கேப்பால் தர முடியாது. பழைய சிடிஆர் கோப்புகளை ஓரளவு திறக்கும், சிடிஆர் ஆகச் சேமிக்காது. படத்தில் நான்கு வண்ண வேலை தேவைப்பட்டால் கிருதா என்ற வரைகலைச் செயலியைப் பாருங்கள், அதில் சிஎம்ஒய்கே என்ற அந்த நான்கு வண்ண முறையிலேயே வரையலாம். கிம்ப் 3 உள்ளே ஆர்ஜிபியில் வேலை செய்து ஏற்றுமதியில் மாற்றுகிறது.

கணக்கும் கையொப்பமும்

டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கானது. வீட்டுக் கணக்குக்கும் சிறு சங்கக் கணக்குக்கும் நூகேஷ் அருமையான இரட்டைப் பதிவு மென்பொருள். ஆனால் ஆடிட்டர் கேட்பது டேலி தரவு என்றால் நூகேஷில் எழுதி ஆண்டுக் கடைசியில் மறுபடி ஏற்றுவது இரட்டை வேலை, பிழைக்கும் இடம். அந்த அலுவலகத்துக்கு மெய்நிகர் கணினிதான் நேர்மையான பதில். 8 ஜிபி ரேமில் 4 ஜிபியை விண்டோஸுக்குக் கொடுக்கலாம். செல்லுபடியாகும் விண்டோஸ் உரிமமும் வேண்டும்.

மின்னணுக் கையொப்பச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி கருவியான டிஎஸ்சி டோக்கனுக்கும் இதே அமைப்பு உதவும். சில டோக்கன்களுக்கு லினக்ஸ் டிரைவர் நூலகம் உண்டு. அதை ஃபயர்ஃபாக்ஸின் பாதுகாப்புச் சாதனங்கள் பகுதியில் ஏற்றினால், அதே சான்றிதழ் சேமிப்பைப் பயன்படுத்தும் ஒக்குலர் என்ற பிடிஎஃப் வாசிப்பானில் பிடிஎஃபுக்குக் கையொப்பமிடலாம். அரசுத் தளத்தில் கையொப்பமிட டிரைவர் போதாது, அந்தத் தளம் தரும் தனிக் கருவியும் ஓட வேண்டும். அந்தக் கருவிக்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறதா என்று கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே பாருங்கள். இல்லையென்றால் வெர்ச்சுவல் பாக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் மெய்நிகர் கணினியில் டோக்கனை உள்ளே அனுப்ப வேண்டும். யுஎஸ்பி பட்டியல் காலியாக இருந்தால் உங்கள் பயனர் கணக்கு அதற்கான குழுவில் சேர்க்கப்படவில்லை. சேர்த்து, வெளியேறி, மறுபடி உள்நுழையுங்கள். கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் வெர்ச்சுவல் பாக்ஸின் கெர்னல் பகுதி கையொப்பம் பெறாவிட்டால் மெய்நிகர் கணினி தொடங்கவே செய்யாது. நிறுவும்போது கேட்கும் கடவுச்சொல்லை எழுதி வைத்து, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் அதைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அவசரத்தில் அந்தத் திரையைத் தாண்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

வீடியோவுக்குச் சுருக்கமாக ஒன்று. டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ தொகுப்பி லினக்ஸில் ஓடும், ஆனால் அதன் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 வீடியோவைத் திறக்காது. செல்போனும் பெரும்பாலான கேமராக்களும் தருவது அதைத்தான். வேறு வடிவத்துக்கு மாற்றலாம், கோப்பு பல மடங்கு பெருக்கும். கேடென்லைவ் என்ற வீடியோ தொகுப்பியில் இந்தத் தடை இல்லை. பழைய கணினியில் காட்சி விக்கினால் ப்ராக்ஸி வசதியை இயக்குங்கள், சிறிய நகலில் தொகுத்து மூலத்திலிருந்து வெளியிடும்.

செயலி உயிரோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடைசி வெளியீட்டின் தேதி, கோப்பு வடிவம் திறந்த வடிவமா, இரண்டும் தெரிந்தால் போதும். ஆட்டம் என்ற உரைத் திருத்தி 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. எழுதியவை வெறும் உரைக் கோப்புகள் என்பதால் யாரும் எதையும் இழக்கவில்லை, மூல நிரல் திறந்திருந்ததால் பல்சர் என்ற கிளை தொடர்கிறது.

மாறுவதற்கு முன் விண்டோஸிலேயே ஒத்திகை பார்க்க முடியும். லிப்ரே ஆஃபிஸ், ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப், கிம்ப், கிருதா, கேடென்லைவ், நூகேஷ் எல்லாம் விண்டோஸிலும் ஓடுபவை. அவற்றை நிறுவி ஒரு முழு மாதம், ஜிஎஸ்டி தாக்கல் தேதியும் உள்ளடங்கும்படி, எல்லா வேலையையும் அவற்றிலேயே செய்யுங்கள். பழைய மென்பொருளைத் திறக்க நேர்ந்த ஒவ்வொரு தடவையும் எந்தக் கோப்புக்காக, யாருக்காக என்று ஒரு தாளில் குறியுங்கள். மாத முடிவில் தாளில் ஒன்றிரண்டு வரி மட்டும் இருந்தால் அவை மெய்நிகர் கணினிக்குப் போகட்டும், மற்றதை லினக்ஸுக்கு மாற்றலாம். தாள் நிறைந்துவிட்டால் அந்தக் கணினியை இப்போதைக்கு விட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் இன்னொன்றில் தொடங்குங்கள்.